சோலார் மரம் நடும் முன் மோட்டாரைத் திறந்து பாருங்கள்

நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

பேருந்து நிலைய ரவுண்டானாவில் 5 கிலோவாட் சோலார் மரம் ஒன்றை (கம்பத்தில் கிளைகள் மாதிரி சோலார் பேனல்கள் பொருத்தியது) நிறுத்தவும், அதன் அடியில் ஊர்ப் பெயரைச் சிவப்பு இதயத்தோடு விளக்கு எழுத்துகளில் வைக்கவும் 38 லட்ச ரூபாய்க்குத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். ஒருவரும் எதிர்க்காமல் நிறைவேறியது என்று பேப்பரில் படித்தேன். எனக்கு எதிர்ப்பு உண்டு. மன்றத்தில் எழுந்து பேச எனக்கு இடமில்லை, அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

31 வருடமாக இந்த ஊரில், எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் கடை நடத்துகிறேன். நகராட்சி மோட்டார் எரிந்தால் பெரும்பாலும் என் கடை வாசலில்தான் டெம்போ வந்து நிற்கும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மோட்டார்கள் அடிக்கடி எரிவதில் லாபம் எனக்குத்தான். நான் கேட்பதை நீங்கள் செய்தால் என் கடைக்கு வரும் வேலை குறையும். இந்த மடலை வீட்டில் படித்துக் காட்டியபோது, "ஏனுங்க, நம்ம தலையில நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கணுமா?" என்று கேட்டாள் மனைவி. நியாயமான கேள்வி. பதில் சொல்லவில்லை.

ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. யாரையும் சந்தி சிரிக்க வைப்பது என் நோக்கமல்ல. நம் பக்கத்து நகராட்சிக்காரர் எவராவது இதைப் படித்துவிட்டு இது தங்கள் ஊர்க் கதை என்று நினைத்தால், அதிலும் தப்பு இருக்காது.

போன சித்திரையில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு நீரேற்று நிலையத்திலிருந்து வாட்டர்மேன் போன் செய்தார். "மூணாவது மோட்டாரு பொகையுதுங்ணா" என்றார். 30 ஹெச்.பி. மோட்டார். இரண்டு வருடத்தில் மூன்றாவது தடவை. மறுநாள் கடையில் இறக்கிக் கழற்றினால் காயில் (உள்ளே சுற்றிய கம்பிச் சுருள்) கரிக்கட்டையாக இருந்தது. காயிலை எடுக்க, மோட்டாரின் சுழலாத வெளிப்பகுதியான ஸ்டேட்டரைச் சூடாக்கி வார்னிஷை எரிக்க வேண்டும். ஒவ்வொரு முறை அப்படி எரிக்கும்போதும், அதில் அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகளுக்கு இடையே உள்ள காப்பு கொஞ்சம் கெடலாம். சூடு கைமீறினால் நிறையவே கெடும். புதுக் காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றி, மெகர் மீட்டரில் காப்பைச் சோதித்து அனுப்பினால் மோட்டார் ஓடத்தான் செய்யும். ஆனால் காப்பு கெட்டிருந்தால் அதே வேலைக்கு முன்பைவிடக் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். இது என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பில்லில் எழுதுவதில்லை, நானும் எழுதியதில்லை.

மூன்றாவது முறை என்பதால் மனசு கேட்கவில்லை. யாரும் கேட்காமலே நீரேற்று நிலையத்துக்குப் போய்ப் பம்பையும் திறந்து பார்த்தேன். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் விளிம்பு எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வேர் ரிங் (wear ring) என்ற வளையம் தேய்ந்து, பழைய கனத்த ஐந்து ரூபாய்க் காசு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. அந்தச் சந்து வழியாக, மேலே தள்ளிய தண்ணீரில் ஒரு பங்கு மறுபடியும் உறிஞ்சும் பக்கத்துக்கே திரும்பி வந்து சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் செலவழித்துத் தண்ணீரைத் தட்டாமாலை சுற்ற விட்டதுதான் மிச்சம். மோட்டாரின் சுவிட்ச் பேனலில், லைனில் வீணாக ஓடும் கரண்டைக் குறைக்கும் கெபாசிட்டர் ஊதிப்போய் இணைப்பைக் கழற்றி விட்டிருந்தார்கள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். வாட்டர்மேன் யோசித்துப் பார்த்து, "நான் இங்க வந்தப்பவே அப்படித்தானுங்ணா" என்றார்.

பொறுப்பில் இருந்த அலுவலரிடம் சொன்னேன். "பம்பையும் சேர்த்து மாத்திடலாங்க சார், அடுத்த வருசத்துக்குள்ள காசு திரும்பிடும்." அவர் கெட்டவரில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரீவைண்டிங்குக்குப் பராமரிப்புக் கணக்கில் பணம் உண்டு, புதுப் பம்பு என்றால் தனி எஸ்டிமேட், டெண்டர், மன்ற ஒப்புதல் எல்லாம் வேண்டும் என்றார். "இப்போதைக்கு தண்ணி ஏறினாப் போதுங்க." கோளாறு இங்கேதான் என்று நினைக்கிறேன். மோட்டார் வாங்குவது ஒரு கணக்கு, ரிப்பேர் இன்னொரு கணக்கு, கரண்ட் பில் மூன்றாவது கணக்கு. பில் எவ்வளவு வந்தாலும் கட்டிவிடலாம், அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. பில்லைக் குறைக்க ஐந்து ரூபாய் செலவழித்தால்தான் தணிக்கையில் கேள்வி வரும்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாது என்று, ரீவைண்டிங் முடிந்து மோட்டாரை மாட்டிய அன்று, கம்பியைக் கவ்வி கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரோடு அங்கேயே உட்கார்ந்தேன். மீட்டரில் ஆரம்ப ரீடிங்கைக் குறித்துக்கொண்டேன். வடக்குத் தொட்டி 5 லட்சம் லிட்டர். தண்ணீர் ஏற வேண்டிய உயரம், குழாயின் உராய்வு எல்லாம் சேர்த்து 35 மீட்டர் கணக்கு. காலி தொட்டி நிரம்பி வழிய 5 மணி 40 நிமிடம் ஆனது. மீட்டர் 136 யூனிட் ஓடியிருந்தது.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்த 2.7 வாட்-மணி போதும் (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்). இது இயற்பியல், எவரும் பேரம் பேச முடியாது. அந்தக் கணக்கில் 5 லட்சம் லிட்டரை 35 மீட்டர் ஏற்ற 48 யூனிட். எந்த மோட்டாரும் நூற்றுக்கு நூறு வேலை செய்யாது. நல்ல பம்பும் நல்ல மோட்டாரும் சேர்ந்தால் நூற்றுக்கு 60-க்கு மேல் எதிர்பார்க்கலாம்; 77 யூனிட்டில் தொட்டி நிறைந்துவிடும். நாம் 136 செலவழிக்கிறோம். நூற்றுக்கு 35 மதிப்பெண். பள்ளிக்கூடத்தில் அது பாஸ் மார்க், பம்பு ரூமில் பெயில்.

ஒரு தொட்டிக்கு 59 யூனிட் வீண். அதே அளவு, அதே உயரத்தில் தெற்குத் தொட்டியும் இருக்கிறது, அதையும் தினம் ஒருமுறை இதே மோட்டார்தான் நிரப்புகிறது. ஆக நாளொன்றுக்கு 118 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டாலும் வருடத்துக்கு 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய், ஒரே ஒரு மோட்டாரில். அங்கே இன்னும் இரண்டு ஓடுகின்றன. அவற்றை நான் திறந்து பார்க்கவில்லை.

இப்போது உங்கள் சோலார் மரத்துக்கு வருகிறேன். நம் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 5 கிலோவாட் மரம் 20 யூனிட் தரும். மரம் மாதிரி அழகுக்காகப் பேனல்களை ஆளுக்கொரு திசையில் திருப்பி வைத்தால் அதுவும் குறையும். மூணாவது மோட்டார் ஒரு நாளில் வீணடிப்பதை ஈடுகட்ட இப்படி ஆறு மரம் நட வேண்டும். 38 லட்சத்தை ஆறால் பெருக்கும் வேலையை உங்களிடமே விடுகிறேன். அந்தப் பம்பையும் மோட்டாரையும் மாற்ற, என் அனுபவத்தில், ஐந்து லட்சத்துக்கு மேல் ஆகாது.

சோலார் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் வீட்டு மொட்டை மாடியிலேயே 3 கிலோவாட் இருக்கிறது. வரிசை மாறிவிடக் கூடாது என்பதுதான் என் வாதம். இந்த மோட்டாரை இன்றிருக்கும் நிலையிலேயே சூரிய மின்சாரத்தில் ஓட்ட நினைத்தால், நாளுக்கு 272 யூனிட்டுக்கு 68 கிலோவாட் பேனல் வாங்க வேண்டும். சரிசெய்துவிட்டு வாங்கினால் 154 யூனிட்டுக்கு 39 கிலோவாட் போதும். கிலோவாட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் நிழலில்லாத இடம் வேண்டும் என்பதால், இடத்திலும் முந்நூறு சதுர மீட்டர்போல மிச்சம். தேய்ந்துபோன வேர் ரிங்குக்காக 29 கிலோவாட் பேனல் வாங்குகிற ஊரைப் பார்த்து யாரும் பசுமை நகரம் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று. தொட்டியில் ஏற்றிய தண்ணீர் அங்கேயே நிற்கும். சோலாருக்கு எதிராக எல்லோரும் சொல்வது, ராத்திரி வெயில் இல்லை, பேட்டரி விலை அதிகம் என்பது. குடிநீருக்குப் பேட்டரி எதற்கு? தொட்டிதான் பேட்டரி. இன்றைக்கு இரண்டு தொட்டிகளையும் நிரப்பப் பதினொன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆவதால் விடியற்காலையிலும் சாயங்காலமும் ராத்திரியும் மோட்டார் ஓடுகிறது. ஊர் முழுக்க விளக்கும் டிவியும் மிக்சியும் போடும் அதே நேரத்தில் நாமும் 30 ஹெச்.பி.யை இழுக்கிறோம். நல்ல பம்பு இருந்தால் ஆறரை மணி நேரத்தில் வேலை முடியும். காலை ஒன்பது மணிக்குப் போட்டால் நாலு மணிக்குள் இரண்டு தொட்டியும் நிரம்பி, மறுநாள் விடியலில் திறந்துவிடத் தயாராக இருக்கும். வெயிலும் சரியாக அந்த நேரத்தில்தான் அடிக்கிறது. வாட்டர்மேனும் ராத்திரி வீட்டில் தூங்குவார்.

நகராட்சி அலுவலக மாடியில் ஏற்கெனவே 10 கிலோவாட் சோலார் இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிய போட்டோ வரவேற்பறையில் இன்னும் தொங்குகிறது. பேத்தியின் பிறப்புச் சான்றிதழுக்காக வந்த அன்று, காத்திருந்த நேரத்தில் மாடிப்படி திறந்திருந்ததால் ஏறிப் பார்த்தேன். இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. பேனல்கள் மேல் புறா எச்சம் காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். தெற்கு ஓரத்தில் புதிதாக ஒரு சின்டெக்ஸ் தொட்டி வைத்திருக்கிறார்கள். அதன் நிழல் முதல் வரிசையில் இரண்டு பேனல்களின் மேல் விழுகிறது. வரிசையாக இணைத்த பேனலில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தால், பல அமைப்புகளில் அந்த வரிசையே நொண்டும். கீழே வந்து கேட்டதற்கு, பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து 14 மாதம் ஆகிறது, கம்பெனிக்காரர் போன் எடுப்பதில்லை என்றார்கள். அப்போதிருந்தே நின்று கிடக்கிறது என்று வைத்தால், 14 மாதத்தில் அது தந்திருக்க வேண்டியது, குறைத்துப் போட்டாலும், 15,000 யூனிட்.

மாடியில் 10 கிலோவாட் செத்துக் கிடக்கும்போது அதில் பாதியை ரவுண்டானாவில் 38 லட்சத்துக்கு நடப் போகிறோம். இதைவிட நான் என்ன சொல்ல?

என் வீட்டுப் பேனலில் வெயில் நாளில் 12 யூனிட் வரும். ரோட்டுப் புழுதி படிந்து மூன்று வாரம் கழுவாமல் விட்டால் ஒன்பதுக்கு இறங்கும். ஒரு வாளித் தண்ணீர், பழைய துணி, விடிகாலையில் அரை மணி நேரம். வெயில் ஏறிய பிறகு சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அவ்வளவுதான். இதற்கு ஒப்பந்தக்காரர் எதற்கு என்று புரியவில்லை.

தெருவிளக்கைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. சோடியம் விளக்கை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டது நல்ல காரியம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் தெருவில் 11 விளக்குகள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் எரிகின்றன. டைமர் கெட்டுவிட்டதால் நேராக இணைத்துவிட்டார்கள். 90 வாட் விளக்கு பகல் முழுவதும் எரிந்தால் ஒரு யூனிட்டுக்கு மேல். என் தெருவில் மட்டும் தினம் 11, 12 யூனிட் வெயிலுக்கு வெளிச்சம் காட்டுகிறது. சோலார் மரம் தரும் கரண்டில் பாதிக்கு மேல் இந்த ஒரு தெருவே தின்றுவிடும்.

இதெல்லாம் பெரிய மாநகராட்சிகளுக்கு, நமக்குச் சக்தி இல்லை என்று ஒரு உறுப்பினர் டீக்கடையில் சொன்னார். அவருக்காக ஒன்றை நினைவூட்டுகிறேன். மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை. நகராட்சிகூட இல்லை, ஊராட்சி. குடிநீர்த் திட்டம் வந்த பிறகு கரண்ட் பில் எகிறியது. அவர்கள் முதலில் போட்டது தண்ணீர் இறைக்க 9 கிலோவாட்டில் ஒரு மரவாயு ஜெனரேட்டர் (விறகிலிருந்து எடுக்கும் வாயுவில் ஓடுவது). எங்கே செலவாகிறது என்று பார்த்து அங்கே கைவைத்தார்கள். அதன் பிறகு 2006-ல், 1 கோடியே 55 லட்சத்தில், உடுமலைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலையை ஊராட்சியின் பெயரிலேயே நிறுவினார்கள். கையிலிருந்த 40 லட்சம் போக மீதி வங்கிக் கடன். ஊராட்சியின் தேவை வருடத்துக்கு நாலரை லட்சம் யூனிட், காற்றாலை தந்தது ஆறே முக்கால் லட்சம் யூனிட் என்று கணக்கு. மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். தலைவராக இருந்த சண்முகத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து போனார்கள். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நம் மன்றத்திலிருந்து யாராவது போனதாக எனக்குத் தெரியவில்லை. போயிருந்தால் மன்னியுங்கள்.

வடக்கே குஜராத் கரையோரம் டையூ. தீவும் கடற்கரையுமாக ஒரு சின்ன ஊர், கரண்டில் பெரும் பங்கைக் குஜராத்திலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. 50 ஹெக்டேர் பாறைத் தரிசில் 9 மெகாவாட் சோலார் பூங்காவும், 79 அரசுக் கட்டடங்களின் கூரைகளில் பேனலும் போட்டு, 2018-ல் பகல் நேரத் தேவை முழுவதையும் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தது. நம்மிடம் பாறைத் தரிசு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கூரைகள் இருக்கின்றன. நகராட்சிப் பள்ளிகள், வாரச்சந்தைக் கொட்டகை, பேருந்து நிலையக் கடைகள், நீரேற்று நிலையத்தின் அந்த நீளமான சம்ப்பின் மேல்தளம். சம்ப் மேலேயே பேனல் போட்டால் ஒயர் நீளம்கூட மிச்சம்.

வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் மானியம். என்னிடம் விசாரித்த எட்டுப் பேரில் ஐந்து பேர் பாதியில் விட்டுவிட்டார்கள். பணம் தடையில்லை. கரண்ட் இணைப்பு இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றப் போனால் வீட்டுவரி ரசீது கேட்கிறார்கள். வீட்டுவரியும் தாத்தா பெயரில். அதை மாற்ற உங்கள் அலுவலகத்தில் மனு கொடுத்து ஏழு மாதமாக அலைகிறார் என் எதிர்வீட்டு அக்கா. அவர் மாடியில் நாள் முழுக்க வெயில் கொட்டிக் கிடக்கிறது. இதற்கு நிதி ஒதுக்கீடு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

இனி நான் கேட்பவை.

சோலார் மரத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் நிறுத்தி வையுங்கள். அந்த 38 லட்சத்தில் முதல் செலவாக, நீரேற்று நிலையத்தின் மூன்று பம்புகளையும் உள்ளூர் ஆட்களை (என்னையும் சேர்த்து) நம்பாமல், மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் (BEE) சான்று பெற்ற ஆற்றல் தணிக்கையாளர் ஒருவரை வைத்து அளந்து பாருங்கள். நான் சொன்ன 35 தப்பென்றால் இதே போல ஊரறிய மன்னிப்பு எழுதுகிறேன். சரியென்றால், வரும் கோடைக்கு முன் மூணாவது பம்பையும் மோட்டாரையும் சேர்த்து மாற்றுங்கள், இன்னொரு முறை என்னிடம் ரீவைண்டிங்குக்கு அனுப்பாதீர்கள். கெபாசிட்டரை இந்த வாரமே மாற்றலாம், அதற்கு மன்றம் கூட வேண்டியதில்லை.

அலுவலக மாடிப் பேனல்களை 30 நாளுக்குள் ஓட வையுங்கள். சின்டெக்ஸ் தொட்டியை வடக்குப் பக்கம் நகர்த்துங்கள். கழுவும் வேலையை யாராவது ஒருவர் பெயர் போட்டு ஒப்படையுங்கள். புதிதாக எந்தச் சோலார் டெண்டர் விட்டாலும் ஐந்து வருடப் பராமரிப்பையும், தந்த யூனிட்டுக்கு ஏற்பப் பணம் என்ற நிபந்தனையையும் அதிலேயே எழுதுங்கள். சம்ப் மேல்தளத்தில் 39 கிலோவாட் போடும் மதிப்பீட்டைப் பம்பு மாற்றிய பிறகு தயாரிக்கச் சொல்லுங்கள், அதற்கு முன்பு வேண்டாம்.

வார்டு வார்டாகப் பகலில் எரியும் விளக்குகளின் பட்டியலை உறுப்பினர்களே எடுத்துக் கொடுங்கள். நடந்து போனால் ஒரு மத்தியானத்தில் முடியும். வீட்டுவரிப் பெயர் மாற்றத்துக்கு இத்தனை நாளில் முடிப்போம் என்று ஒரு கெடு வைத்து, அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள்.

கடைசியாக, நீரேற்று நிலைய வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். நேற்று ஏற்றிய தண்ணீர் எத்தனை லிட்டர், ஓடிய மீட்டர் எத்தனை யூனிட் என்று வாட்டர்மேன் தினமும் சாக்பீஸில் எழுதட்டும். அளக்க ஆள் வேண்டுமென்றால் எந்த நாளும் கூப்பிடுங்கள், டாங் டெஸ்டரோடு வருகிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ரீவைண்டிங் கடைக்காரன்,
சந்தைப்பேட்டைத் தெரு